மின்னணுக் கழிவு எரிப்பும் நச்சுக் காற்றும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள் அறிய வேண்டியவை

பழைய கைபேசி, பழுதான தொலைக்காட்சிப் பெட்டி, தேய்ந்த கேபிள், செயலிழந்த பேட்டரி ஆகியவை வீட்டை விட்டு வெளியேறியதும் அவற்றின் பயணம் முடிந்துவிட்டதாகப் பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆனால், அவற்றில் ஒரு பகுதி உரிமம் பெற்ற ஆலைகளைச் சென்றடைவதில்லை. காயலான் கடைகள் வழியாகச் சிறு பட்டறைகளுக்கும் திறந்தவெளித் தீக்குவியல்களுக்கும் செல்கிறது. அங்கிருந்து எழும் புகையில் காரீயம், காட்மியம், டயாக்சின் போன்ற கடும் நச்சுகள் கலந்துள்ளன.

டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களின் சிக்கலாகவே இதுவரை இது பேசப்பட்டு வந்துள்ளது. இருப்பினும், கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய கோயம்புத்தூர், திருப்பூர், தேனி மாவட்டங்களும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. இரு மாநிலங்களுக்கிடையே பழைய பொருள்கள் கைமாறும் சாலைகளும், காற்று மலையைக் கடந்து வீசும் கணவாய்களும் இப்பகுதியிலேயே அமைந்துள்ளன.

மின்னணுக் கழிவு எரிப்பினால் காற்று எவ்வாறு நஞ்சாகிறது, சட்டம் என்ன சொல்கிறது, எல்லைப் பகுதிகளுக்கு இதில் என்ன பாடம் உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கழிவின் அளவு

ஐக்கிய நாடுகள் அமைப்பின் உலக மின்னணுக் கழிவுக் கண்காணிப்பு அறிக்கை 2024-ன்படி, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. இதில் 22.3 சதவீதம் மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதற்கான பதிவு உள்ளது. 2030-ல் இந்த அளவு 8.2 கோடி டன்னாக உயரும் என்றும் அந்த அறிக்கை மதிப்பிடுகிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி, இந்தியாவில் 2019-20-ல் 10.14 லட்சம் டன்னாக இருந்த மின்னணுக் கழிவு, 2021-22-ல் 16.01 லட்சம் டன்னாக உயர்ந்தது. ஐ.நா. அறிக்கை இந்தியாவுக்குத் தரும் மதிப்பீடு இதைவிடப் பெரியது; 2022-ல் ஏறத்தாழ 41 லட்சம் டன் என்று அது கூறுகிறது. விதிகளின் பட்டியலில் இடம்பெற்ற பொருள்களின் விற்பனையை அடிப்படையாகக் கொண்டு வாரியம் கணக்கிடுவதும், ஐ.நா. அறிக்கை மேலும் பல வகைப் பொருள்களைச் சேர்த்துக்கொள்வதும் இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணங்களாகும்.

முறைசாராத் தொழில் ஏன் நீடிக்கிறது?

டெல்லியின் சீலம்பூர், முஸ்தஃபாபாத், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத், மும்பையின் குர்லா ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மின்னணுக் கழிவைப் பிரித்தெடுத்தே வாழ்கின்றன. சென்னை, கொல்கத்தா, பெங்களூரு நகரங்களின் புறநகர்களிலும் இத்தகைய பட்டறைகள் உண்டு.

ஒரு டன் கைபேசிகளில் உள்ள தங்கம், ஒரு டன் தங்கத் தாதுவில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். தாமிரம், வெள்ளி, பல்லேடியம் ஆகியவையும் உண்டு. எனவே, பழைய பொருளுக்கு வீட்டு வாசலிலேயே ரொக்கம் கொடுக்கக் காயலான் கடைக்காரரால் முடிகிறது. உரிமம் பெற்ற நிறுவனமோ போக்குவரத்து, மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள், தொழிலாளர் பாதுகாப்பு, வரி ஆகிய செலவுகளையெல்லாம் ஏற்க வேண்டியுள்ளது. அந்தச் செலவுகளைத் தவிர்ப்பதனால்தான் முறைசாராப் பட்டறை கூடுதல் விலை தருகிறது. தவிர்க்கப்பட்ட செலவு மறைந்துவிடுவதில்லை. தொழிலாளியின் நுரையீரலும் அக்கம்பக்கத்தாரின் காற்றும் அதைச் சுமக்கின்றன.

கேபிள் எரிப்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மேலுறையை உரித்து எடுக்கும் தூய தாமிரத்துக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. எரித்து எடுக்கும் கருகிய தாமிரத்துக்கு விலை குறைவு. ஆயினும், மெல்லிய கம்பிகளைக் கையால் உரிக்க நாள் முழுவதும் ஆகும். எரித்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். உரிக்கும் இயந்திரம் வாங்க முதலீடு இல்லாத இடத்தில் தீக்குச்சியே மலிவான கருவியாகிறது.

புகையில் என்ன இருக்கிறது?

மின்னணுக் கழிவு காற்றை நஞ்சாக்கும் வழிகள் நான்கு.

முதலாவது, கேபிள்களின் மேலுறை எரிவது. பெரும்பாலான உறைகள் பி.வி.சி. நெகிழியால் ஆனவை. தூய பி.வி.சி.யின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின். குறைந்த வெப்பத்தில், போதிய ஆக்சிஜன் இன்றி அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டயாக்சின், ஃபியூரான் எனும் வேதிச் சேர்மங்களும் உருவாகின்றன. ஏறத்தாழ 200 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை டயாக்சின் உருவாவதற்கு ஏற்றது. உள்ளே இருக்கும் தாமிரம் இவ்வினையை விரைவுபடுத்தும் வினையூக்கியாகவும் செயல்படுகிறது. அதாவது, சாலையோரத்தில் புகைந்து எரியும் கேபிள் குவியலில் டயாக்சின் உருவாகத் தேவையான அனைத்தும் ஒருங்கே அமைந்துள்ளன. முறையான எரியுலைகளில் 850 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வாயுவைக் குறைந்தது இரண்டு வினாடிகள் வைத்திருந்து, பின்னர் விரைவாகக் குளிர்வித்து, வடிகட்டிய பிறகே வெளியேற்ற வேண்டும் என்று விதிக்கப்படுவது இதனால்தான்.

இரண்டாவது, சர்க்யூட் போர்டுகளைச் சூடாக்குவது. பலகையில் பதிந்துள்ள சிப்புகளைக் கழற்றுவதற்காக அடுப்பின் மீதோ, எரிவாயுச் சுடரிலோ அது சூடாக்கப்படுகிறது. பழைய சாதனங்களில் பற்றவைப்புக்குப் பயன்பட்ட கலவையில் சுமார் 60 சதவீதம் வெள்ளீயமும் 40 சதவீதம் காரீயமும் இருக்கும். சூடாகும்போது காரீயம் கலந்த புகையும் நுண்துகள்களும் எழுகின்றன. பலகையிலும் பிளாஸ்டிக் கூடுகளிலும் சேர்க்கப்பட்டுள்ள புரோமின் வகைத் தீத்தடுப்பு வேதிப்பொருள்களும் சிதைந்து, டயாக்சினை ஒத்த நச்சுகளாக மாறுகின்றன.

மூன்றாவது, அமிலக் குளியல். தங்கத்தைப் பிரிக்க நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகம் பயன்படுத்தப்படுகிறது. அதிலிருந்து பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடும் குளோரின் வாயுவும் வெளிவருகின்றன. எஞ்சிய அமிலம் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டப்படுகிறது. சில இடங்களில் சயனைடும் பயன்பாட்டில் உள்ளது.

நான்காவது, உடைப்பு. குழல் விளக்கு, பழைய திரைகளின் பின்னொளி விளக்கு ஆகியவற்றை உடைக்கும்போது பாதரச ஆவி வெளியேறும். பழைய தொலைக்காட்சிப் படக்குழாயின் கண்ணாடியில் காரீயமும், உட்பூச்சில் பிற நச்சு உலோகங்களும் உண்டு. குளிர்பதனப் பெட்டியின் குழாயை வெட்டும்போது புவி வெப்பத்தைக் கூட்டும் வாயுக்கள் காற்றில் கலக்கின்றன.

புகை கண்ணுக்குத் தெரியாமல் கலைந்த பிறகும் அதிலிருந்த உலோகம் அழிவதில்லை. அது தூசியாகப் படிந்து, காற்று வீசும்போதெல்லாம் மீண்டும் எழுகிறது. டயாக்சின் மண்ணிலும் புல்லிலும் படிந்து, மேயும் கால்நடைகள் வழியாகப் பால், முட்டை, இறைச்சிக்குள் செல்கிறது. மனிதர்களின் உடலை அது அடைவது பெரும்பாலும் சுவாசத்தின் வழியாக அன்று, உணவின் வழியாகவே.

ஆய்வுகள் காட்டுவது

டெல்லி, கொல்கத்தா, மும்பை, சென்னை நகரங்களின் முறைசாரா மறுசுழற்சி இடங்களிலும் திறந்தவெளிக் குப்பைக் கிடங்குகளிலும் எடுக்கப்பட்ட மண் மாதிரிகளில் பி.சி.பி., டயாக்சின் வகை நச்சுகள் இருப்பதை 2018-ல் வெளியான ஆய்வு பதிவு செய்துள்ளது.

சீனாவின் குய்யூ நகரில் நடைபெற்ற பல ஆய்வுகள், அங்கு வளர்ந்த குழந்தைகளின் இரத்தத்தில் காரீய அளவு மிகுந்திருந்ததைக் காட்டின. பின்னர் அங்கிருந்த பட்டறைகள் தனித் தொழிற்பூங்காவுக்கு மாற்றப்பட்டன. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் அக்பொக்புளோஷி பகுதியில் மேய்ந்த கோழிகளின் முட்டைகளை ஆராய்ந்த தன்னார்வ அமைப்புகள், ஒரேயொரு முட்டையை உண்டாலும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்கும் ஒருநாள் டயாக்சின் வரம்பு 220 மடங்கு மீறப்படும் என்று 2019-ல் தெரிவித்தன.

உலக சுகாதார அமைப்பு 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, மின்னணுக் கழிவுத் தொழிலையும் உள்ளடக்கிய முறைசாராத் தொழில்துறையில் உலகெங்கும் 1.8 கோடி குழந்தைகளும் பதின்பருவத்தினரும் ஈடுபட்டுள்ளனர். முறைசாராக் கழிவுத் துறையில் 1.29 கோடி பெண்கள் வேலை செய்கின்றனர்.

உடல்நலத்தில் விளைவு

டயாக்சின் வகையில் மிகக் கொடியதான டி.சி.டி.டி. என்ற சேர்மத்தையும் காட்மியத்தையும் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வகைப்படுத்தியுள்ளது. காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கிறது.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குறைக்கிறது; கற்றல் திறனையும் கவனத்தையும் பாதிக்கிறது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் காணப்பட்டால், அதன் மூலத்தைக் கண்டறிந்து அகற்ற வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2021-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தாயின் உடலில் உள்ள காரீயம் கருவிலுள்ள குழந்தைக்கும் செல்லும். தொழிலாளியின் உடையிலும் தலைமுடியிலும் ஒட்டிய தூசி வீட்டுக்குள் வருவதால், பட்டறைக்கே செல்லாத குழந்தையும் பாதிக்கப்படலாம்.

இந்தியக் காற்றுத் தர நியமங்களின்படி, காற்றில் காரீயத்தின் அளவு 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 1 மைக்ரோகிராமையும், ஆண்டுச் சராசரியாக 0.5 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. ஆனால், பொதுவெளிக் காற்றில் டயாக்சினுக்கு வரம்பு எதுவும் அந்த நியமங்களில் இல்லை. அதை அளப்பதற்குச் செலவு மிகுந்த சிறப்பு ஆய்வகம் தேவை. எனவே, நகரங்களில் அன்றாடம் வெளியாகும் காற்றுத் தரக் குறியீட்டு எண் இயல்பாக இருப்பதாகக் காட்டினாலும், அருகில் கேபிள் எரியும் தெருவில் டயாக்சின் இல்லை என்று அதற்குப் பொருளாகாது.

எல்லையின் இயல்பு: சாலையும் காற்றும்

பாலக்காடு மாவட்டத்தின் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய சோதனைச் சாவடிகள் கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பகுதிகளுடன் கேரளத்தை இணைக்கின்றன. இவற்றுள் வாளையார் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544 தென்னிந்தியாவின் முக்கியச் சரக்குப் பாதைகளில் ஒன்று. இடுக்கி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகள் தேனி மாவட்டத்தில் இறங்குகின்றன. மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்குச் சாலை உண்டு.

மின்னணுத் தொழிலுக்குப் பாலக்காடு புதிதன்று. பி.பி.எல். நிறுவனம் 1963-ல் பாலக்காட்டில்தான் தொடங்கப்பட்டது. பொதுத்துறையைச் சேர்ந்த ஐ.டி.ஐ. நிறுவனத்தின் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலை கஞ்சிக்கோட்டில் உள்ளது. அதே கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகளும் இயங்குகின்றன. அவற்றின் புகை குறித்துப் புதுச்சேரி ஊராட்சிப் பகுதி மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர்.

கேரளத்தில் 'ஆக்ரி' என்றும், தமிழ்நாட்டில் 'காயலான் சரக்கு' என்றும் வழங்கப்படும் பழைய பொருள் வணிகம் மாநில எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. மின்னணுக் கழிவை முழுமையாக மறுசுழற்சி செய்யும் அங்கீகாரம் பெற்ற ஆலைகள் கேரளத்தில் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் அவை அதிகம். எனவே, முறையான வழியிலும் கேரளத்தின் கழிவு வெளிமாநிலங்களுக்குச் சென்றாக வேண்டிய நிலை உள்ளது. உரிய ஆவணத்துடன் செல்லும் சரக்கையும் ஆவணமின்றிச் செல்லும் சரக்கையும் பிரித்தறிவதே சோதனைச் சாவடிகளின் முன்னுள்ள சவால்.

காற்றுக்கோ சோதனைச் சாவடி இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய், மேற்குத் தொடர்ச்சி மலையின் மிகப் பெரிய இடைவெளி. தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்கிலிருந்து கோயம்புத்தூர், பொள்ளாச்சி நோக்கிக் காற்று வீசுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து பாலக்காட்டை நோக்கி வறண்ட காற்று வேகமாக வீசுகிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் கணவாயும் காற்றாலைகள் நிறுவப்படும் அளவுக்குக் காற்றோட்டம் மிகுந்தது. ஆகவே, கணவாயின் ஒரு பக்கத்தில் எரிக்கப்படும் கழிவின் புகை மறுபக்கத்துக்குச் செல்வதற்கான வழி இயற்கையிலேயே உள்ளது.

மலைப்பள்ளத்தாக்குகளில் வேறொரு சிக்கல் உண்டு. குளிர்கால இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி, மேலே வெப்பக்காற்று மூடிபோல் நிற்கும். அப்போது எழும் புகை மேலே செல்ல இயலாமல் குடியிருப்புகளின் மட்டத்திலேயே தேங்கும். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் இத்தகைய சரிவுகளிலும் பள்ளங்களிலும் அமைந்துள்ளன. அங்கு வாழ்வோரில் பெரும் பகுதியினர் தமிழர்கள்.

அண்டை மாவட்டத்தின் எச்சரிக்கை: பிரம்மபுரம்

இடுக்கியை அடுத்த எர்ணாகுளம் மாவட்டத்தின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச் 2-ஆம் நாள் பிடித்த தீ, சுமார் 12 நாள்களுக்குப் பிறகே முழுமையாக அணைக்கப்பட்டது. கொச்சி நகரைப் புகை சூழ்ந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை அளிக்கப்பட்டது. மக்கள் வீட்டுக்குள்ளேயே இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். இதனையடுத்து, கொச்சி மாநகராட்சிக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது.

சென்னை பெருங்குடிக் கிடங்கில் 2022 ஏப்ரலிலும், கோயம்புத்தூர் வெள்ளலூர்க் கிடங்கில் 2024 ஏப்ரலிலும் பெருந்தீ ஏற்பட்டது. கலப்புக் குப்பையில் பிளாஸ்டிக், கேபிள், பேட்டரி ஆகியவை சேர்ந்திருக்கும்போது, குப்பைத் தீக்கும் மின்னணுக் கழிவுத் தீக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிடுகிறது. நசுங்கிய லித்தியம் பேட்டரி தானாகவே தீப்பற்றக்கூடியது என்பதால், அது குப்பையில் கலப்பதே தீவிபத்துக்கு வழிவகுக்கலாம்.

பிளாச்சிமடையின் பாடம்

காட்மியமும் காரீயமும் பாலக்காட்டு எல்லை மக்கள் முன்பே கேட்டறிந்த பெயர்கள். சித்தூர் வட்டம், பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000-ல் தொடங்கப்பட்ட கோக கோலா ஆலை, உழவர்களுக்கு உரமாக வழங்கிய கசடில் இவ்விரு உலோகங்களும் இருப்பதாக 2003-ல் பி.பி.சி. வானொலி வெளிப்படுத்தியது. காட்மியம் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருந்ததைக் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கண்டறிந்தது. 2002 ஏப்ரலில் தொடங்கிய மக்கள் போராட்டத்தின் முகமாகப் பழங்குடிப் பெண்மணி மயிலம்மா விளங்கினார். ஆலை 2004 மார்ச்சில் இயக்கத்தை நிறுத்தியது.

மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-ல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கக் கேரளச் சட்டப்பேரவை 2011-ல் நிறைவேற்றிய மசோதா, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் சட்டமாகவில்லை.

அது மின்னணுக் கழிவு வழக்கன்று. காற்றைப் பற்றியதும் அன்று. எனினும், அது உணர்த்துவது தெளிவு. முகவரியும் உரிமமும் கொண்ட ஓர் ஆலை தொடர்பான வழக்கிலேயே இழப்பீடு பெறுவது இத்தனை கடினம் என்றால், இரவில் எரித்துவிட்டு மறுநாள் இடம் மாறும் பெயரற்ற பட்டறைக்கு எதிராகப் பின்னர் நியாயம் தேடுவது இயலாத செயலாகிவிடும். நஞ்சு மண்ணில் படியும் முன்பு தடுப்பதே ஒரே நடைமுறை வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கெனத் தனி விதிகள் 2011-ல் அறிவிக்கப்பட்டு, 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016-ல் அவை மாற்றியமைக்கப்பட்டன. தற்போது நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் செயல்பாட்டில் உள்ளன. முன்பு 21 வகைப் பொருள்களுக்குப் பொருந்திய விதிகள் இப்போது 106 வகைகளுக்குப் பொருந்துகின்றன.

இவ்விதிகளின் மையம் 'உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு' என்ற கொள்கை. சாதனத்தை விற்ற நிறுவனமே, அது கழிவான பிறகு மறுசுழற்சி செய்யப்படுவதையும் உறுதிப்படுத்த வேண்டும். இலக்கு 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம். அடுத்த இரு ஆண்டுகளுக்கு 70 சதவீதம். 2027-28 முதல் 80 சதவீதம். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடமிருந்து சான்றிதழ் வாங்கி இந்த இலக்கை நிறைவேற்றலாம். புதிய சாதனங்களில் காரீயம் 0.1 சதவீதத்தையும் காட்மியம் 0.01 சதவீதத்தையும் மீறக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு.

தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்தல், திறன் பயிற்சி அளித்தல், தொழிற்பேட்டைகளில் மறுசுழற்சிக்கு இடம் ஒதுக்குதல் ஆகிய கடமைகளை மாநில அரசுகளுக்கு விதிகள் அளித்துள்ளன. ஆனால், உற்பத்தியாளர், தயாரிப்பாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகிய நான்கு பிரிவினருக்கு மட்டுமே பதிவு உண்டு. முந்தைய விதிகளில் இருந்த சேகரிப்பு மையம், பிரித்தெடுப்பாளர் என்ற பிரிவுகள் நீக்கப்பட்டன. வீடு வீடாகச் சென்று பெரும்பகுதிக் கழிவைத் திரட்டும் சிறு வணிகருக்கு இந்த அமைப்பில் இடமில்லாமல் போனதே விதிகள் மீதான முக்கிய விமர்சனம்.

திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்க வேறு சட்டங்களும் உண்டு. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-ன் 19(5) பிரிவு, கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் எரிபொருள் அல்லாத பொருள்களை எரிப்பதைத் தடை செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. திறந்தவெளியில் குப்பையை எரிப்பவருக்கு 5 ஆயிரம் ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25 ஆயிரம் ரூபாயும் இழப்பீடு விதிக்கலாம் எனத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது.

எல்லை கடந்த கழிவு: ஒரு முன்னுதாரணம்

திருநெல்வேலி மாவட்டத்தின் கொடகநல்லூர், பழவூர் உள்ளிட்ட இடங்களில் கேரள மருத்துவமனைகளின் கழிவு கொட்டப்பட்ட விவகாரம் 2024 டிசம்பரில் வெளிவந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மூன்று நாள்களுக்குள் அதை அகற்றுமாறு கேரளத்துக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22-ஆம் நாள் கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து கழிவை அள்ளிச் சென்றனர்.

கழிவு எங்கு கொட்டப்பட்டாலும் அது உருவான மாநிலமே பொறுப்பேற்று அகற்ற வேண்டும் என்ற நடைமுறையை இவ்வுத்தரவு நிலைநாட்டியது. இதன் பின்னர், உயிரி மருத்துவக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டுவோரைத் தடுப்புக் காவலில் வைக்க வகைசெய்யும் திருத்த மசோதாவைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2025-ல் நிறைவேற்றியது.

ஆனால், மருத்துவக் கழிவின் மூலத்தை உறையிலுள்ள மருத்துவமனைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மின்னணுக் கழிவில் அத்தகைய அடையாளம் கிடைப்பது அரிது. எரிக்கப்பட்ட பிறகு சாம்பலும் கருகிய கம்பியும்தான் எஞ்சும். கொட்டப்பட்ட கழிவைத் திரும்ப அள்ளிச் செல்ல முடியும். காற்றில் கலந்த புகையைத் திரும்ப எடுக்க முடியாது.

மாற்று வழிகள்

கேரளத்தில் அரசு நிறுவனமான கிளீன் கேரளா கம்பெனி, அரசு அலுவலகங்கள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றின் மின்னணுக் கழிவைத் திரட்டி அங்கீகாரம் பெற்ற ஆலைகளுக்கு அனுப்புகிறது. பெண்கள் பணியாற்றும் ஹரித கர்ம சேனை வழியாக, வீடுகளில் விலை கொடுத்து மின்னணுக் கழிவைப் பெறும் திட்டம் 2025-ல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் செயல்படுத்தப்பட்டது. காயலான் கடைக்குச் செல்லும் பொருளை ஈர்க்க வேண்டுமானால் விலை கொடுத்தாக வேண்டும் என்ற சந்தை உண்மையை ஏற்றுக்கொண்ட அணுகுமுறை இது.

மின்னணுக் கழிவு, பேட்டரி ஆகியவற்றிலிருந்து அரிய கனிமங்களை மீட்கும் தொழிலை ஊக்குவிக்க 1,500 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது.

முறைசாராத் தொழிலாளர்களை விரட்டுவதால் எரிப்பு நிற்பதில்லை. அது வேறிடத்துக்கு நகர்கிறது. டெல்லியில் நெருக்கடி கூடும்போது பட்டறைகள் உத்தரப் பிரதேச எல்லைக்குள் நகர்ந்தது இதற்குச் சான்று. மாநில எல்லையை ஒட்டிய பகுதிகள் இத்தகைய இடமாற்றத்துக்கு எளிதில் இலக்காகும். எனவே, சேகரிப்பையும் பொருள்களைத் தரம் பிரிப்பதையும் அவர்களிடமே விட்டு, அமிலமும் தீயும் தேவைப்படும் கட்டத்தை மட்டும் முறையான ஆலைகளுக்கு மாற்ற வேண்டும் என்று வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். கேபிள் உரிக்கும் இயந்திரத்தைப் பொதுக்கூடத்தில் அமைத்துக் கொடுத்தால், தொழிலாளிக்குத் தூய தாமிரத்தின் கூடுதல் விலை கிடைக்கும். எரிக்க வேண்டிய தேவையும் நீங்கும்.

பொதுமக்கள் கவனத்துக்கு

பழைய சாதனங்களையும் பேட்டரிகளையும் அன்றாடக் குப்பையில் சேர்க்கக் கூடாது. உப்பிய பேட்டரியைத் துளையிடவோ அழுத்தவோ கூடாது. புதிய சாதனம் வாங்கும்போது, பழையதைத் திரும்பப் பெறும் வசதி உள்ளதா என்று விற்பனையாளரிடம் கேட்கலாம். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் உள்ளது.

காயலான் கடைக்குக் கொடுக்க நேர்ந்தால், கேபிளையும் பேட்டரியையும் தனியே பிரித்துக் கொடுப்பது நல்லது. எரிந்த கேபிள் சாம்பல் உள்ள இடத்தில் குழந்தைகள் விளையாடுவதையும் கால்நடைகள், கோழிகள் மேய்வதையும் தவிர்க்க வேண்டும். இத்தொழிலில் ஈடுபடுவோர் வீட்டுக்குள் நுழையும் முன் உடை மாற்றிக் கைகால் கழுவுவதும், குழந்தைகளின் இரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதிப்பதும் அவசியம்.

எரிப்பு நடப்பது தெரிந்தால், உள்ளாட்சி அமைப்பிடமும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திடமும் புகார் அளிக்கலாம். இடம், நேரம், காற்று வீசும் திசை, புகைப்படம் ஆகியவை புகாருக்கு வலுச்சேர்க்கும். புகை வரும் இடம் அண்டை மாநிலத்தில் இருந்தால், இரு மாநில வாரியங்களுக்கும் ஒரே நேரத்தில் புகார் அனுப்புவது பயனளிக்கும். சென்னையில் இயங்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரண்டுக்கும் பொதுவானது என்பதால், எல்லைத் தகராறு காரணமாக நடவடிக்கை தாமதமானால் பாதிக்கப்பட்டோர் அங்கு முறையிட வழியுண்டு.